36-ஐ 306 என்று எழுதும் குழந்தை: இடமதிப்பைக் குச்சியாலும் எழுத்தாலும் கற்பிப்பது எப்படி?

"முப்பத்தாறு" என்று சொல்லிச் சிலேட்டில் எழுதச் சொன்னால், ஒன்றாம் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளில் சிலர் 306 என்று எழுதிக் காட்டுவார்கள். பெரும்பாலும் அதற்குக் கிடைப்பது ஒரு பெருக்கல் குறி. "கவனம் இல்ல" என்று ஒரு வார்த்தை. பிறகு சரியான விடையைப் பத்து முறை எழுதும் வேலை.

அந்தக் குழந்தை கவனமாகத்தான் கேட்டிருக்கிறது. முப்பது என்று காதில் விழுந்தது, 30 எழுதியது. ஆறு என்று விழுந்தது, பக்கத்தில் 6 எழுதியது. கேட்ட வரிசை மாறாமல் எழுதியதால் வந்ததுதான் 306.

நம் பழைய தமிழ் எண்களும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதப்பட்டன. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. 36 என்பது ௩௰௬. அதாவது மூன்று, பத்து, ஆறு. 235 என்பது ௨௱௩௰௫. வாயால் சொல்லும் வரிசையிலேயே எழுத்தும் போகும். பத்து, நூறு என்பதற்கெல்லாம் தனிக் குறி இருந்ததால் பூச்சியத்துக்கு அந்த முறையில் வேலையே இல்லை.

இன்று நாம் எழுதும் முறையில் பத்து என்ற குறி காணாமல் போய்விட்டது. 36-இல் உள்ள 3 'மூன்று பத்து' என்பதை அது நிற்கும் இடம் மட்டுமே சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஆறு வயதுக் குழந்தை படித்தறிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். முதல் இரண்டு வகுப்புக் கணக்கில் இதைவிடக் கடினமான பாடம் கிடையாது. பாடநூலில் இதற்கு ஒதுக்கப்படும் சில பக்கங்கள் ஒருபோதும் போதாது.

## 'செயல்பாடு' என்ற சொல்லுக்கு என்ன ஆயிற்று?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்தது. 2022-இல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கி, அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகள் வகுப்பறைக்குள் வந்தன. இன்று செயல்பாடு என்ற சொல்லைத் தெரியாத ஆசிரியர் இல்லை. ஆனால் பேச்சில் அந்தச் சொல் மிகவும் தளர்ந்துவிட்டது. வண்ணத்தாள் வெட்டினாலும் செயல்பாடு, பாட்டுக்கு ஆடினாலும் செயல்பாடு, குச்சியை எண்ணினாலும் செயல்பாடு.

இதற்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: கையில் பொருளைக் கொடுத்துவிட்டால் கணக்கு தானாக மண்டையில் ஏறிவிடும் என்று. அது தவறு. பத்துக் குச்சிகள் கொண்ட கட்டைப் பார்த்தால் நமக்கு 'ஒரு பத்து' தெரிகிறது. காரணம், அந்தக் கருத்து நமக்குள் முன்பே இருக்கிறது. குழந்தைக்குத் தெரிவது ரப்பர் பேண்டு போட்ட குச்சிகள், அவ்வளவுதான். குச்சிக்குள் கணக்கு இல்லை. குச்சியை வைத்துச் செய்வதிலும், செய்ததைச் சொல்வதிலும், சொன்னதை எழுதுவதிலும்தான் அது உருவாகிறது. கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது கைவேலை மட்டுமே.

## முட்டைக் கடையில் ஒரு பாடம்

மொத்த விலைக் கடையில் முட்டையை அட்டையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஓர் அட்டையில் 30 முட்டை. "ரெண்டு அட்டை குடுங்க" என்று கேட்பவருக்கு, தான் கேட்பது இரண்டு என்பதும் தெரியும், அறுபது என்பதும் தெரியும். ஒரே பொருளை ஒரே நேரத்தில் இரண்டு விதமாய் எண்ணுகிறார். வங்கியிலும் இதே கதை. நூறு தாள் ஒரு கட்டு. ஐந்து கட்டு என்று சொல்லும்போது காசாளர் ஐந்தையும் பார்க்கிறார், ஐந்நூறு தாளையும் பார்க்கிறார்.

பல பொருள்களைச் சேர்த்து ஒன்றாக எண்ணுவதற்குத் தொகுத்தல் என்று பெயர். சின்னக் குழந்தைக்கு இது எளிதல்ல. 'ஒன்று' என்றால் ஒரு பொருள் என்று இப்போதுதான் பழகியிருக்கிறது. இப்போது போய்ப் பத்துக் குச்சியைக் காட்டி "இதுவும் ஒண்ணுதான்" என்கிறோம். ஒன்றா பத்தா என்று அது திகைப்பது நியாயம்தானே?

இனி மூன்று சொற்கள். 0 முதல் 9 வரை உள்ள ஒவ்வொரு குறியும் ஓர் இலக்கம். 36-இல் 3, 6 என இரண்டு இலக்கங்கள். ஓர் இலக்கத்தைத் தனியே பார்த்தால் கிடைப்பது அதன் முகமதிப்பு. 3-இன் முகமதிப்பு எங்கே நின்றாலும் மூன்றுதான். அது நிற்கும் இடத்தால் கிடைப்பது இடமதிப்பு; 36-இல் அது முப்பது, 63-இல் மூன்று. இந்தச் சொற்கள் ஆசிரியருக்கு. குழந்தைக்குக் கட்டு, குச்சி என்ற இரண்டு சொற்களே நெடுநாள் போதும்.

இதுவரை பார்த்தது: குழந்தை தடுமாறுவது எண்ணுவதில் அல்ல, பத்தை ஒன்றாக எண்ணுவதில். அதை எழுத்தில் காட்டும்போது பத்து என்ற குறியே இல்லாததால் தடுமாற்றம் இரட்டிக்கிறது.

## புரிந்ததா என்று அறிய ஒரு நிமிடச் சோதனை

பாடத்தைத் தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் இதைச் செய்து பாருங்கள். குழந்தையின் முன் 16 குச்சிகளைப் போடுங்கள். எண்ணச் சொல்லுங்கள். 16 என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு 6-ஐத் தொட்டு, "இந்த ஆறு எத்தனை குச்சி, காட்டு" என்று கேளுங்கள். ஆறு குச்சியை எடுத்து வைக்கும். அடுத்து 1-ஐத் தொட்டு, "இது எத்தனை குச்சி கண்ணு?" என்று கேளுங்கள்.

பல குழந்தைகள் ஒரே ஒரு குச்சியை எடுத்துக் காட்டும். "அப்போ மீதி இருக்கிற இந்த ஒன்பது குச்சி?" என்று கேட்டால் முழிக்கும், அல்லது "அது சும்மா டீச்சர்" என்று சொல்லும். கான்ஸ்டன்ஸ் காமி என்ற கல்வியாளர் இந்தச் சோதனையை விரிவாக எழுதியிருக்கிறார். நூறு வரை தடையில்லாமல் ஒப்பிக்கும் குழந்தையும் இதில் தடுமாறும். ஒப்பிப்பதும் தொகுத்து எண்ணுவதும் வேறு வேறு திறன்கள். இந்தச் சோதனையில் விடையைத் திருத்த வேண்டாம். குறித்துக்கொண்டு நகருங்கள்.

## தேவையான பொருள்கள்

நான்கு பேர் ஒரு குழு. குழுவுக்கு 120 குச்சி, 15 ரப்பர் பேண்டு, ஒரு டப்பா, ஆறு பக்கமுள்ள ஒரு பகடை. 28 குழந்தைகள் என்றால் ஏழு குழு, 840 குச்சி. தென்னை விளக்குமாற்று ஈர்க்கே போதும். 8 சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்குங்கள். நுனிப் பகுதியை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் தடிமன் ஒன்றுபோல் இருக்கும். குத்தாமல் இருக்க இரு முனைகளையும் உப்புத்தாளில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுங்கள்.

புளியங்கொட்டையும் நல்லதுதான், ஆனால் அதைக் கட்ட முடியாது. எண்ணவும் ஊகிக்கவும் வைத்துக்கொள்ளலாம். வெயிலில் நன்றாகக் காயவைக்காவிட்டால் வண்டு வரும். ஒன்றாம் வகுப்பில் கொட்டையைக் கொடுக்கும் நாளில் கண் அதன்மேலேயே இருக்க வேண்டும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் பத்துப் பட்டைகளை முதலிலேயே கொடுப்பது பரவலான தவறு. அவை ஏற்கெனவே பத்தாக ஒட்டியிருப்பவை, பிரிக்க முடியாது. பத்தைத் தன் கையால் கட்டி, தன் கையால் அவிழ்த்துப் பார்க்காத குழந்தைக்கு அந்தப் பட்டை ஒரு நீளத் துண்டு, அவ்வளவே. குச்சிக் கட்டில் இரண்டு மூன்று வாரம் பழகிய பிறகு பட்டை வரட்டும். பத்து ரூபாய் நாணயம் அதற்கும் பிறகு. நாணயம் பத்து மடங்கு பெரிதாக இருப்பதில்லை. பத்து என்பது அதில் வெறும் ஒப்பந்தம்.

## முதல் விளையாட்டு: ஐம்பதைத் தொடு

ஒரு தாளை நடுவில் மடித்துப் பிரித்து, இடப்பக்கம் 'பத்துகள்', வலப்பக்கம் 'ஒன்றுகள்' என்று எழுதுங்கள். இது இடமதிப்பு அட்டை. குழுவின் நால்வரும் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து எதிர் எதிரே உட்காரட்டும். ஒவ்வொரு இணைக்கும் ஓர் அட்டை. பகடையை உருட்டி, விழுந்த எண்ணிக்கையில் குச்சி எடுத்து ஒன்றுகள் பக்கம் வைக்க வேண்டும். பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்டு போட்டு இடப்பக்கம் நகர்த்த வேண்டும். ஐந்து கட்டு முதலில் சேர்க்கும் இணைக்கு வெற்றி.

ஓர் இணை ஐம்பதைத் தொட ஏறக்குறைய 15 உருட்டல் ஆகும். ஒருவர் உருட்டிக் கட்டுவார், மற்றவர் சரிபார்த்து எழுதுவார். பாதியில் மாறிக்கொள்ள வேண்டும். எழுதுபவருக்கு ஒவ்வொரு உருட்டலுக்கும் ஒரு வரி:

கட்டு 2, குச்சி 7, மொத்தம் 27.

இந்த ஒரு வரியில்தான் விளையாட்டு பாடமாகிறது. எழுதாமல் விளையாடினால் குழந்தைகள் பகடையை மட்டுமே பார்ப்பார்கள்.

என்னென்ன தவறும்? முதலாவது, ஒன்பதிலோ பதினொன்றிலோ கட்டிவிடுவார்கள். சரிபார்ப்பவர் கட்டும் முன் எண்ண வேண்டும் என்று விதியாக்குங்கள். கட்டிய பிறகு எண்ணுவது கடினம். இரண்டாவது, மூன்று கட்டும் நான்கு குச்சியும் இருக்கும்போது மொத்தம் எவ்வளவு என்றால் கட்டை அவிழ்த்து ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். இதைத் தடுக்காதீர்கள். ஒரு முறை அவிழ்த்து எண்ணி 34 என்று கண்டுபிடித்தவர், அடுத்த முறை அவிழ்க்காமல் "பத்து, இருபது, முப்பது, முப்பத்தொண்ணு" என்று எண்ணினால், அந்த இடத்தில் தொகுத்தல் நடந்துவிட்டது என்று பொருள். அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை குச்சியும். மூன்றாவது, சில குழந்தைகள் பத்து சேர்ந்ததும் கட்டாமல், பத்துக் குச்சிக்குப் பதில் ஒற்றைக் குச்சியை இடப்பக்கம் வைப்பார்கள். அது இன்னொரு முறை, ஆனால் இப்போது வேண்டாம். இடப்பக்கம் உண்மையிலேயே பத்து இருக்க வேண்டும்.

விளையாட்டைத் தலைகீழாகவும் நடத்துங்கள். ஐந்து கட்டுடன் தொடங்கி, விழும் எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் உருட்டலிலேயே ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும். பின்னால் வரும் கழித்தலுக்கு இதுவே அடித்தளம்.

## குச்சியிலிருந்து தாளுக்கு

உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1966-இல் எழுதியபடி, ஒரு கருத்து மனத்தில் மூன்று வடிவங்களில் தங்கும்: செய்கையாக, படமாக, குறியீடாக. வகுப்பறையில் இது பொருள், படம், எண் என்று வரிசையாகிறது. குச்சியைக் கட்டுவது பொருள் நிலை. அதை வரைவது பட நிலை. 36 என்று எழுதுவது குறியீட்டு நிலை.

பலர் நடுப்படியைத் தாண்டிவிடுகிறார்கள். குச்சியை வைத்தோம், எண்ணை எழுதினோம் என்று போய்விடுகிறார்கள். பொருளில் இருந்து எண்ணுக்கு ஒரே தாவலாகத் தாவ முடியாத குழந்தைதான் 306 எழுதும். படம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் படிக்கல்.

வரையும் முறை எளிது: கட்டுக்கு ஒரு நெடுங்கோடு, குச்சிக்கு ஒரு புள்ளி. 36 என்றால் மூன்று கோடு, ஆறு புள்ளி. முதல் வாரம் குழந்தைகள் ஒவ்வொரு கட்டுக்குள்ளும் பத்துச் சிறு கோடுகள் போட்டு, சுற்றிலும் ரப்பர் பேண்டையும் வரைவார்கள். விட்டுவிடுங்கள். நான்காவது ஐந்தாவது படத்தில் கை வலிக்கும்போது, "இத்தனையும் வரையணுமா, சுருக்கமா எப்படிக் காட்டலாம்?" என்று கேளுங்கள். ஒற்றைக் கோடு போதும் என்று அவர்கள் வாயாலேயே வரும். குறியீடு என்பது சுருக்கி எழுதும் தேவையிலிருந்து பிறக்கிறது என்பதை இதைவிட நன்றாகச் சொல்லித்தர முடியாது.

## 306-க்கு மருந்து: மேலே வைக்கும் அட்டைகள்

கெட்டி அட்டையில் 10, 20 முதல் 90 வரை ஒன்பது அட்டைகள். ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். இன்னொரு வகை 1 முதல் 9 வரை, 5-க்கு 5 சென்டிமீட்டர். மொத்தம் 18. பத்து அட்டையின் இடப்பாதியில் ஓர் இலக்கம், வலப்பாதியில் பூச்சியம். இரண்டும் தத்தம் பாதியின் நட்டநடுவில் இருக்க வேண்டும்.

குழந்தை மூன்று கட்டுக்கு 30 அட்டையை எடுக்கிறது. ஆறு குச்சிக்கு 6 அட்டையை எடுக்கிறது. பக்கத்தில் வைத்தால் 306. "இப்போ ஆறை பூச்சியத்துக்கு மேல வெச்சுப் பாரு" என்று சொல்லுங்கள். 36 ஆகிறது. ஆறைத் தூக்கச் சொல்லுங்கள். அடியில் பூச்சியம் எட்டிப் பார்க்கிறது. முப்பது அங்கேயே பத்திரமாக இருக்கிறது. 306 எழுதிய குழந்தைக்கு அது எழுதிய முப்பது தவறில்லை, ஆறு போய் நிற்க வேண்டிய இடம்தான் வேறு என்று கண்ணெதிரே தெரிகிறது. இந்த அட்டையை மூன்று நான்கு தடவை தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மெல்லிய தாளில் செய்தால் அடியில் இருக்கும் பூச்சியம் ஊடே தெரிந்து எல்லாம் கெட்டுப்போகும். பழைய திருமண அழைப்பிதழ் அட்டை இதற்கு நல்ல தடிமன்.

தங்க நிற மணிகளையும் இதே போன்ற எண் அட்டைகளையும் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தன் கற்பித்தல் முறையில் வைத்திருந்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். அந்தக் கருவிகளின் விலை நம் பள்ளிகளுக்கு எட்டாதது. கருத்து எட்டும்.

இதுவரை: கட்டிப் பார்த்தோம், வரைந்தோம், அட்டையை மேலே வைத்தோம். மூன்றிலும் சொல்வது ஒரே செய்திதான். ஒரு வடிவத்தில் இருப்பதை இன்னொன்றுக்கு மாற்றத் தெரிந்தால் குழந்தைக்குப் புரிந்திருக்கிறது. எனவே எப்போதும் ஒரே திசையில் கேட்காதீர்கள். படத்தைக் காட்டிக் குச்சி எடுக்கச் சொல்லுங்கள். எண்ணைச் சொல்லிப் படம் போடச் சொல்லுங்கள்.

## எழுத்து எங்கே வருகிறது?

கணக்கு வகுப்பில் எழுதுவது என்றால் எண்ணை மட்டும் எழுதுவது என்று நினைக்கிறோம். தான் செய்ததை ஒரு வாக்கியமாய் எழுதும் குழந்தை அதை இரண்டாம் முறை யோசிக்கிறது. மொழிப்பாடத்துக்கும் இதுவே தீனி.

தொடக்கத்தில் வாக்கியச் சட்டம் கொடுங்கள். அதாவது பாதி எழுதிய, கோடிட்ட இடம் விட்ட வாக்கியம். "என்னிடம் ___ கட்டு, ___ குச்சி. மொத்தம் ___." இரண்டு வாரம் கழித்து ஊகமும் சேரட்டும். ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை அள்ளி, எண்ணும் முன்னரே எழுத வேண்டும்: "நான் நினைத்தது 20. எண்ணியது 27. 7 அதிகம்." ஊகத்தை எண்ணிய பிறகு அழித்துத் திருத்தும் பழக்கம் வரும், அதனால் முதல் வரியை ஸ்கெட்ச் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். ஊகம் தப்பாவது தவறே இல்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லோருடைய ஊகமும் ஆச்சரியமாய்ச் சரியாக இருக்கும்.

அடுத்த படி, செய்முறை எழுதுவது. "நேற்று வராத தோழிக்கு, 24 குச்சியை எப்படி வைப்பது என்று எழுது." முதலில், பிறகு, கடைசியில் என்ற மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள். எழுதியதைப் பக்கத்துக் குழந்தை படித்து, எழுதியபடி மட்டுமே செய்ய வேண்டும். "கட்டு எடு. குச்சி எடு" என்று எழுதியிருந்தால் தோழி ஒரு கட்டும் ஒரு குச்சியும் எடுப்பாள். எத்தனை என்று எழுதாததன் விளைவை ஆசிரியர் சொல்லாமலே குழந்தை பார்த்துவிடும். உடனே ஓடிப்போய் எண்ணைச் சேர்க்கும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. இந்தப் பாடத்தில் வரும் சொற்களைப் பாருங்கள்: கட்டு, குச்சி, பத்து, எட்டு, மொத்தம். எல்லாவற்றிலும் நடுவில் ஒற்று. சின்னக் குழந்தைகள் எழுத்தில் முதலில் விடுவது அந்த ஒற்றைத்தான். குச்சி 'குசி' ஆகும், கட்டு 'கடு' ஆகும், பத்து 'பது' ஆகும். எழுதியதைக் குழந்தையையே படிக்கச் சொல்லுங்கள், "எழுதினபடியே படி" என்று. 'கடு' என்று படித்ததும் தானே சிரிக்கும். பிறகு கையைத் தட்டிச் சொல்லச் சொல்லுங்கள்: கட்-டு, குச்-சி, பத்-து. வாய் ஒரு நொடி நிற்கும் இடத்தில் புள்ளி வைத்த எழுத்து வர வேண்டும். கணக்கு வகுப்பிலேயே ஒரு மொழிப்பாடம் முடிந்துவிடும்.

ஒரே பக்கத்தில் எல்லாப் பிழையையும் திருத்த வேண்டாம். எண் தவறென்றால் குச்சியை எடுத்துவந்து பேசுங்கள். எழுத்துப் பிழையில் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஒற்று என்றால் ஒற்று மட்டும். சிவப்பு மையில் குளித்த பக்கத்தைக் கொடுத்தால், அடுத்த நாள் அந்தக் குழந்தை எழுதும் வாக்கியம் பாதியாகச் சுருங்கும்.

## ஒன்பதின் தொல்லை

தமிழ் எண்ணுப்பெயர்கள் பொதுவாகக் குழந்தைக்குத் துணைநிற்பவை. இருபது, முப்பது, நாற்பது என்று ஒவ்வொன்றிலும் 'பது' ஒலிக்கும். எத்தனை பத்து என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆனால் ஒன்பது வரும்போது எல்லாம் ஒரு படி தள்ளிப் போகிறது. ஒன்பது என்பது ஓரிலக்க எண், ஆனால் 'பது' என்று முடிகிறது. தொண்ணூறு என்பது பத்துகளில் ஒன்று, ஆனால் 'நூறு' போல் ஒலிக்கிறது. தொள்ளாயிரம் நூறுகளில் ஒன்று, காதுக்கு 'ஆயிரம்'.

ஆகவே எண்பத்தொன்பதுக்குப் பிறகு என்ன என்றால் சில குழந்தைகள் 'ஒன்பது பத்து' என்றோ, நேராக 'நூறு' என்றோ சொல்வார்கள். இது புரியாமை அல்ல, பெயரின் சிக்கல். ஒன்பது கட்டை வரிசையாக வைத்து, ஒவ்வொரு கட்டாகத் தொட்டுக்கொண்டே பத்து, இருபது என்று தினமும் ஒரு முறை எண்ணினால் தொண்ணூறு என்ற பெயர் ஒன்பதாவது கட்டோடு ஒட்டிக்கொள்ளும். தொண்ணூறை நூறிலிருந்து பிரித்தறிய இதைவிடக் குறுக்குவழி இல்லை.

## கழித்தலில் 'கடன்' வேண்டாம்

32-இல் 17-ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று விடை வரும். ஏழில் இரண்டு போனால் ஐந்து, மூன்றில் ஒன்று போனால் இரண்டு. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்ற விதியைக் குழந்தை ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியாகப் பயன்படுத்திவிட்டது. இலக்கங்களை முகமதிப்பாகவே பார்ப்பதன் நேரடி விளைவு இது.

'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று சொல்லித்தருவது காலங்காலமாய் இருக்கும் பழக்கம். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே? இங்கே எதுவும் திருப்பப்படுவதில்லை. வாங்கியது ஒன்று, வந்தது பத்து என்பதும் அந்தச் சொல்லில் விளங்காது. 'கட்டைப் பிரி' என்று சொல்லுங்கள். கை செய்வதையே சொல்லும் சொல் அது.

இடமதிப்பு அட்டையில் மூன்று கட்டு, இரண்டு குச்சி. ஏழு குச்சி எடுக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரித்து ஒன்றுகள் பக்கம் போடு. இப்போது இரண்டு கட்டு, பன்னிரண்டு குச்சி. இந்த நிலையில் நிறுத்தி, "குச்சி கூடிச்சா, குறைஞ்சுதா?" என்று கேளுங்கள். கூடவும் இல்லை குறையவும் இல்லை, 32 அப்படியேதான் இருக்கிறது என்பதைக் குழந்தை சொல்லியாக வேண்டும். பிறகு ஏழு குச்சியை எடு, ஒரு கட்டை எடு. மீதி ஒரு கட்டு, ஐந்து குச்சி: 15.

இதில் ஆசிரியர்களே செய்யும் ஒரு தவறு உண்டு. 32 குச்சியை வைத்துவிட்டு, கீழே 17 குச்சியையும் தனியாக வைக்கச் சொல்வார்கள், புத்தகத்தில் இரண்டு எண்ணும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதால். கூட்டலுக்கு அது சரி. கழித்தலில் 17 தனியாக எங்கும் இல்லை. அது 32-க்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் வைத்தால் மேசையில் 49 குச்சி கிடக்கும், குழந்தை எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கும். முதல் எண்ணை மட்டும் வையுங்கள்.

## குச்சியை எப்போது எடுத்துவிடுவது?

குழந்தை தானே டப்பாவைத் திறக்காமல் விடை சொல்லத் தொடங்கும்போது. தேதி வைத்துப் பிடுங்க வேண்டாம். டப்பா அலமாரியில் எட்டும் உயரத்தில் இருக்கட்டும், தேவைப்படுபவர் எடுத்துக்கொள்வார். குச்சி வைத்துச் செய்வது மக்குப் பிள்ளையின் அடையாளம் என்று ஆகிவிடக் கூடாது. அதற்கு எளிய வழி, நன்றாகக் கணக்குப் போடும் குழந்தையையும் அவ்வப்போது "குச்சியை வெச்சு இதை நிரூபி" என்று கேட்பது.

எல்லோரும் இரண்டு இலக்க எண்ணில் பழகிய பிறகு ஒரு நாள், அட்டையில் ஒன்பது கட்டும் ஒன்பது குச்சியும் வைக்கச் சொல்லுங்கள். தொண்ணூற்றொன்பது. ஒரே ஒரு குச்சியைக் குழந்தையின் கையில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். பத்துக் குச்சி ஆகிறது, கட்ட வேண்டும். கட்டி நகர்த்தினால் அங்கே பத்துக் கட்டு ஆகிறது. இப்போது என்ன செய்வது என்று ஆசிரியர் வாயைத் திறக்கவே கூடாது. யாராவது ஒருவர் பெரிய ரப்பர் பேண்டைத் தேடுவார். பத்துக் கட்டையும் சேர்த்துக் கட்டிய பிறகு, வைக்க அட்டையில் இடம் இருக்காது. பத்துகளுக்கு இடப்பக்கம் இன்னொரு தாளை ஒட்டச் சொல்லி அவர்களே கேட்பார்கள். அந்தப் புதுத் தாளில் ஒரு பெருங்கட்டு, நடுவில் ஒன்றுமில்லை, வலப்பக்கம் ஒன்றுமில்லை. அதை எண்ணால் எழுதச் சொல்லுங்கள்.